கிட்டங்கி ரயிலின் மூன்றாவது சுற்று

அத்தியாயம் 7

காலை எட்டு மணிக்குச் சீனியம்மாளின் மாவுச் சல்லடையைக் காணவில்லை. எட்டேகாலுக்கு ரவைச் சல்லடையும் போய்விட்டது.

"வீட்டுக்குள்ளயே கள்ளன் இருக்கான்!" என்று அடுப்படியிலிருந்து சத்தம் போட்டாள். "போலீசு எதுக்கு? பின்கட்டுல போயிப் பாத்தா ஆளு ஆப்புட்டுருவான்!"

ஆள் அங்கேதான் இருந்தார். பின்கட்டில், பஞ்சு மூட்டை வரும்வரை காலியாகக் கிடந்த கிட்டங்கியில், அவள் கணவர் மருதப்பன், வேட்டியைத் தார்ப்பாய்ச்சிக் கட்டிக்கொண்டு, ஐம்பத்தெட்டு வயதையும் மறந்து குத்தவைத்து உட்கார்ந்து, மாவுச் சல்லடையில் கருங்கல் பொடியைச் சலித்துக்கொண்டிருந்தார்.

பஞ்சுக் கடையை மகன் இசக்கிப்பாண்டியிடம் விட்டதிலிருந்து மனிதருக்கு இதுதான் வேலை. கடையநல்லூர்ச் சிநேகிதர் முகம்மது மைதீன் கொழும்பிலிருந்து கொண்டுவந்து கொடுத்த பெட்டிக்குள் சாவி கொடுத்தால் ஓடும் ஓர் இன்ஜினும், மூன்று தகரப் பெட்டிகளும், வண்டிச்சக்கரம் அளவுக்கு ஒரு வட்டம் போடத் தண்டவாளமும் இருந்தன. அந்த வட்டம் போதவில்லை மருதப்பனுக்கு. தகர வேலை செய்யும் தாவீதைப் பிடித்து முப்பது கஜம் தண்டவாளம் மடக்கி வாங்கினார். பூவரசங் குச்சியைச் சீவித் தண்டவாளத்துக்கு அடியில் குறுக்குக் கட்டைகளாக அடுக்கினார். நாலு சுவரையும் ஒட்டி முக்காலிகளை வைத்து, மாம்பலகை பரப்பி, அதன்மேல் சங்கரன்கோவிலிலிருந்து பாம்புக்கோவில் சந்தை வழியாகக் கடையநல்லூர் வரை ஒரு ரயில் பாதையே போட்டுவிட்டார். சோப்புப் பெட்டிகள் ஸ்டேஷன்களாக நின்றன.

எல்லாம் சரி. கடையநல்லூர் வளைவில் மட்டும் ரயில் கவிழ்ந்தது. ஒரு நாள் அல்ல, ஒவ்வொரு நாளும்.

இன்று சாயங்கால வண்டியில் மைதீன் வருகிறார். நாளை மறுநாள் கொழும்புக்குக் கிளம்பினால் திரும்ப இரண்டு வருஷம் ஆகும். "நிக்காம மூணு சுத்து ஓட்டிக் காட்டுதேன் வே" என்று அவருக்குக் கடிதம் வேறு எழுதிவிட்டார் மருதப்பன்.

வள்ளித்தாய் மோர்ச் செம்போடு கிட்டங்கி வாசலில் வந்து நின்றாள். இந்த வீட்டுக்கு மருமகளாக வந்து இரண்டரை மாதத்தில் அவள் இந்த வாசலைத் தாண்டியது இல்லை. தண்டவாளத்தைப் பார்த்தால் அவளுக்குத் தகப்பன் ஞாபகம் வந்துவிடும்.

அவள் தகப்பன் செல்லச்சாமி ரயில்வேயில் கேங் மேஸ்திரி. எட்டு ஆட்களை வைத்துக்கொண்டு ஊருக்கு வடக்கே நாலு மைல் பாதையைக் கல் தட்டி இறுக்கிப் பார்த்துக்கொள்பவர். கல்யாணத்தன்று பந்தியில், "கல்லு தட்டுதவன் வீட்டுல பொண்ணெடுத்தா ரசம் இப்படித்தான் தண்ணியா இருக்கும்" என்று மருதப்பன் சொன்னதும், ரச வாளியோடு பின்னால் நின்ற செல்லச்சாமி வாளியை மெல்லக் கீழே வைத்ததும் நம் வாசகர்களுக்குத் தெரியும். அன்று மகளை வண்டியேற்றி அனுப்பியவர், இன்றுவரை இந்த வீட்டுப் படி ஏறவில்லை.

வள்ளித்தாய் செம்பை வைத்துவிட்டுத் திரும்பியிருப்பாள். ஆனால் மருதப்பன் ஒரு கிண்ணம் மைதாப் பசையை எடுத்து வளைவின்மேல் ஊற்றி, அதன்மேல் கல்லை அள்ளி அள்ளிக் கொட்ட ஆரம்பித்தார்.

"மாமா! கல்ல மேல கொட்டாதிய!"

அவளுக்கே தன் குரல் பெரிதாகக் கேட்டது. மருதப்பன் நிமிர்ந்தார்.

"பெறவு எங்க கொட்டுவாக? ரயிலு ரோட்டுல கல்லு மேலதான கெடக்கு?"

"மேல கெடக்குதது மிச்சம் மாமா. வேல பாக்குத கல்லு கட்டைக்கு அடியில இருக்கும். பாதைய லேசாத் தூக்கி, கட்டைக்குக் கீழ கெட்டிச்சிட்டுத்தான் மேல நெரப்புவாக." நிறுத்திக்கொள்ளலாம் என்று நினைத்தாள். முடியவில்லை. "கல்லும் பெருசு. தண்டவாளத்துக்கு உள்பக்கம் உசந்து நிக்குது பாருங்க. சக்கரம் அதுல ஏறித்தான் கவுருது."

மருதப்பன் குனிந்து பார்த்தார். மிளகு அளவு கல் ஒன்று தண்டவாளத்தின் தலையைவிட உயரமாக உட்கார்ந்திருந்தது.

"சவம், ஒரு மாசமா இதுதானா?"

"இது மட்டும் இல்ல மாமா."

"இன்னும் என்ன?"

வள்ளித்தாய் முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு உள்ளே வந்துவிட்டாள். "வளைவுல வெளித்தண்டவாளம் ஒரு இணுக்கு உசரமா இருக்கணும். வண்டி உள்பக்கமாச் சாஞ்சு போகும். நீங்க ரெண்டையும் ஒரே மட்டமா வச்சிருக்கிய. பெறவு இந்த முட்டு. ரெண்டு தண்டவாளமும் இடிச்சுக்கிட்டு நிக்குது. பங்குனி வெயிலு கண்ணாடி ஓடு வழியா நேரா இதுலதான் விழுது. சூட்டுல இரும்பு நீளும்லா? நீள எடமில்லேன்னா வளையத்தான் செய்யும்."

"ஒனக்கு இதெல்லாம் யாரு…" என்று தொடங்கிய மருதப்பன் பாதியில் நிறுத்தினார். கேட்க வேண்டிய கேள்வி அல்ல அது. இருவருக்கும் பதில் தெரியும்.

அவர் சல்லடையை எடுத்து அவள் பக்கமாக நீட்டினார்.

"சரி தாயி. நீ சொல்லு, நான் செய்யுதேன்."

ஒன்பது மணிக்கு மாமனாரும் மருமகளும் வளைவு முழுவதையும் பெயர்த்துவிட்டார்கள். ரவைச் சல்லடையில் விழாத பெருங்கல்லை ஒதுக்கினார்கள். விழுந்ததை மாவுச் சல்லடையில் போட்டுத் தூசியைத் தள்ளினார்கள். சல்லடையில் மிஞ்சியதுதான் பாதைக்கு ஆகிற கல். வளைவின் வெளிப்பக்கக் கட்டைகளுக்கு அடியில் பழைய காலண்டர் அட்டையைக் கீறிச் செருகினாள் வள்ளித்தாய். தண்டவாள முட்டுக்கு நடுவே நகக்கண் நுழையும் அளவுக்கு இடைவெளி விட்டாள். இரண்டு தண்டவாளத்துக்கும் நடுவில் அகலம் மாறாமல் இருக்க ஒரு குச்சியை அளந்து வெட்டி, கட்டைக்குக் கட்டை வைத்துப் பார்த்தாள்.

மருதப்பன் தீக்குச்சி முனையால் கட்டைக்கு அடியில் கல்லைத் தட்டித் தட்டிக் கெட்டித்தார்.

"அப்படி இல்ல மாமா. ரெண்டு பக்கமும் ஒண்ணுபோலத் தட்டணும். ஒரு பக்கமாத் தட்டினா கட்டை ஊஞ்சலாட்டம் ஆடும்."

"ஏட்டி, ஒங்கிட்ட கேங்குல சேந்தா ஒரு நாளு தாக்குப்பிடிக்க முடியாது போலயே!"

வள்ளித்தாய் சிரித்தாள். அந்த வீட்டில் அவள் வாய்விட்டுச் சிரித்ததை மருதப்பன் அன்றுதான் கேட்டார்.

கல்லை ஒட்டுவதற்கு மைதா வேண்டாம், எறும்பு வரும் என்றாள். கருவேலம்பிசினை வெந்நீரில் கரைத்தார்கள். முதலில் கல்லின்மேல் வெறும் தண்ணீரைத் தெளித்து நனைத்தாள். நனைந்தால்தான் பிசின் அடிவரை இறங்கும். பிறகு, கடை மேசையிலிருந்து மருதப்பன் சத்தமில்லாமல் எடுத்துவந்த மை ஊற்றும் பில்லரால் சொட்டுச் சொட்டாகப் பிசின்நீர் விட்டார்கள்.

சீனியம்மாள் வாசலில் வந்து நின்றாள். "சல்லடை ரெண்டும் எங்க?"

"இங்கனதான் இருக்கு."

"அதுல இனிமே மாவு சலிக்கவா முடியும்? நாளைக்கு இட்லியில கல்லுதான் வரும். தின்னுங்க, மாமனாரும் மருமவளும்!" என்று சொல்லிவிட்டுப் போனவள், கால் மணி நேரத்தில் இரண்டு பேருக்கும் அங்கேயே சோறு கொண்டுவந்து வைத்தாள்.

பகல் ஒரு மணிக்குப் பிசின் காய்ந்தது. பாதை நிஜப் பாதை மாதிரியே இருந்தது. மருதப்பன் இன்ஜினுக்குச் சாவி கொடுத்து, சங்கரன்கோவில் சோப்புப் பெட்டி முன்னால் வைத்து, விரலை எடுத்தார்.

ரயில் கிளம்பியது. பாம்புக்கோவில் சந்தையைத் தாண்டியது. கடையநல்லூர் வளைவில் உள்பக்கமாக அழகாகச் சாய்ந்து, கடகடவென்று திரும்பி வந்துவிட்டது.

"ஏலே, ஏலே, ஏலே!" மருதப்பனுக்கு வேறு வார்த்தை வரவில்லை.

இரண்டாவது சுற்றும் முடிந்தது. மூன்றாவது சுற்றில், அதே வளைவில், கடைசிப் பெட்டி ஒரு குதி குதித்தது. அது சாய்ந்து, முன்னால் உள்ளதையும் இழுத்து, இன்ஜின் சகிதமாகத் தரையில் போய் விழுந்தது.

மறுபடி வைத்தார்கள். இந்தத் தடவை முதல் சுற்றிலேயே விழுந்தது.

வள்ளித்தாய் அகலம் பார்த்தாள், முட்டுப் பார்த்தாள், கட்டை கட்டையாக விரலால் அழுத்திப் பார்த்தாள். எல்லாம் சரியாகத்தான் இருந்தன. அவளுக்குக் கண் கலங்கிவிட்டது.

"எனக்குத் தெரியல மாமா. எங்கய்யான்னா ஒரே பார்வையில சொல்லிருவாக."

சொன்ன பிறகுதான் சொல்லியிருக்கக் கூடாதோ என்று தோன்றியது. மருதப்பன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, குடையை எடுத்துக்கொண்டு, பின்வாசல் வழியாக வெளியே போனார்.

ரயில்வே கேட்டுக்கு வடக்கே அரை மைலில் கேங் வேலை நடந்துகொண்டிருந்தது. கரிசல் காடு இரண்டு பக்கமும் வெடித்துக் கிடந்தது. எட்டுப் பேர் வரிசையாக நின்று கட்டைக்கு அடியில் கல்லைக் கெட்டித்துக்கொண்டிருந்தார்கள். கொஞ்ச தூரத்தில் ஒருவர் சூடான தண்டவாளத்தின்மேல் துண்டை மடித்துப் போட்டு, அதில் கன்னத்தை வைத்துப் படுத்து, ஒற்றைக் கண்ணால் நீளமாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மருதப்பனுக்கு என்னவோ போல் ஆயிற்று. இந்த ஒரு மாதமும் கிட்டங்கியில் அவர் படுத்துக் கிடந்ததும் அதே மாதிரிதான். தனக்கு அது ஆசை. இவருக்கு அது இருபத்தேழு வருஷத்துப் பிழைப்பு.

"யாருவே அது, லைன்ல நடக்குதது? ஓரமா வாரும்!" என்று ஓர் ஆள் சத்தம் போட்டான்.

செல்லச்சாமி எழுந்தார். ஆளை அடையாளம் கண்டதும் முகம் மாறியது. "வள்ளிக்கு ஒண்ணுமில்லையே?"

"நல்லாருக்கா, நல்லாருக்கா." மருதப்பன் மூச்சு வாங்கினார். "ரயிலுதான் கவுந்துபோச்சு."

எட்டுப் பேர் கையிலிருந்த கம்பியும் ஒரே நேரத்தில் கீழே விழுந்தது.

"எங்கன? எங்கன அண்ணாச்சி?" செல்லச்சாமியின் கை சிவப்புக் கொடியைப் பிடித்துவிட்டது.

"எங்க கிட்டங்கியில."

ஒரு நொடி யாருக்கும் புரியவில்லை. பிறகு ஊரெல்லாம் பேசிக்கொண்ட பொம்மை ரயில் அவர்களுக்கும் ஞாபகம் வந்தது. ஆட்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். செல்லச்சாமி சிரிக்கவில்லை.

"நான் டூட்டியில இருக்கேன் அண்ணாச்சி. வண்டி வார நேரம். கீழ எறங்கி நில்லுங்க."

தென்காசி வண்டி வந்தது. மருதப்பன் பாதைக்குக் கீழே, முட்செடிகளுக்குப் பக்கத்தில் குடையோடு நின்று அண்ணாந்து பார்த்தார். அங்கேயும் ஒரு வளைவு. பெட்டிகள் ஒவ்வொன்றாக உள்பக்கம் சாய்ந்து போயின. ஜன்னலோரத்தில் ஒருத்தி பிள்ளைக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருந்தாள். வண்டி சாய்வதே அவளுக்குத் தெரியவில்லை. கை கொஞ்சமும் ஆடவில்லை.

வண்டி போய்ப் புழுதி அடங்கியது.

"சம்மந்தி" என்றார் மருதப்பன். "கல்யாணத்தன்னைக்கு நான் ஒரு வார்த்த சொன்னேன்."

"எந்த வார்த்த?"

அதைத் திரும்பச் சொல்லவேண்டி வரும் என்று மருதப்பன் எதிர்பார்க்கவில்லை. எட்டுப் பேரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"கல்லு தட்டுதவன் வீட்டு ரசம் தண்ணியாத்தான் இருக்கும்னு சொன்னேன். பந்தியில அம்பது பேரு முன்ன சொன்னேன். நீங்க பின்னால நின்னது தெரியாமச் சொன்னேன்னு இத்தனை நாளும் எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கிட்டிருந்தேன். நீங்க அங்கன நிக்காட்டாலும் தப்பு தப்புதான். இந்தக் கல்லு என்ன செய்யுதுன்னு இன்னைக்கு ஒங்க மவதான் எனக்குச் சொல்லிக் குடுத்தா."

செல்லச்சாமி காலடியில் கிடந்த கல்லையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"வள்ளியா? அவ ஒங்களோட சேந்து வேல பாத்தாளா?"

"வேல பாத்தாளா? எனக்கு மேஸ்திரியே அவதான்!"

செல்லச்சாமியின் மீசை ஓரத்தில் என்னமோ அசைந்தது.

"ரசம் அன்னைக்குத் தண்ணியாத்தான் இருந்துச்சு" என்றார் மெதுவாக. "சமையக்காரன் களவாணிப்பய, பருப்பக் கொண்டுபோயிட்டான்."

எட்டுப் பேரும் மறுபடி சிரித்தார்கள். இந்தத் தடவை செல்லச்சாமியும் கூடச் சிரித்தார். பிறகு துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு கேட்டார்:

"எந்தப் பக்கமாச் சாயுது சம்மந்தி? உள்ளயா, வெளியயா?"

நாலரை மணிக்குச் செல்லச்சாமி, குளித்த ஈரத் தலையோடு பின்வாசலில் வந்து நின்றார். வள்ளித்தாய் "அய்யா" என்றாள். அவர் மகளின் பிசின் ஒட்டிய விரல்களைப் பார்த்தார். தலையை ஒரு தடவை தடவினார். நேராகப் பலகையிடம் போய்விட்டார்.

கட்டைகளை விரலால் தட்டிப் பார்த்தார். "கெட்டிச்சது யாரு?"

"மாமாதான்."

"பரவால்ல. எங்கிட்ட உள்ள பயலுகள்ல ரெண்டு பேரு இத விட மோசம்."

மருதப்பனுக்குத் தாசில்தார் கையால் மெடல் வாங்கியது போல் இருந்தது.

செல்லச்சாமி குனிந்து, கன்னத்தைத் தண்டவாளத்தோடு ஒட்டி வைத்து, ஒரு கண்ணை மூடினார். கிட்டங்கியில் எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டார்கள். சல்லடை கேட்டு வந்த சீனியம்மாள் கூட.

"தண்டவாளத்துல குத்தமில்ல" என்றார். "கல்லுலயும் இல்ல. தரை தூக்கியிருக்கு."

"தரையா?"

"பலகைதானே இதுக்குத் தரை? மாம்பலகை. நனைஞ்சு காயும்போது முதுகு வளைஞ்சுருச்சு." நிமிர்ந்தார். "தண்ணி இம்புட்டு யாரு தெளிச்சது?"

வள்ளித்தாய் தலையைக் குனிந்துகொண்டாள். "நாந்தான்யா."

"கல்லுக்கு அது சரிதான் மக்கா. கல்ல மட்டும் நெனச்சே, கீழ உள்ள மரத்த நெனைக்கல. நிஜ லைன்ல மண்ணு தண்ணியக் குடிச்சிரும். இங்க மரம்லா குடிச்சிருக்கு. அடுத்த தடவ சொட்டுக் கணக்குல விடு."

அவ்வளவுதான். பலகைக்கு அடியில் குறுக்காக ஒரு சட்டத்தைக் கொடுத்து, நாலு திருகாணி முடுக்கினார்கள். வளைந்த இடம் முனகிக்கொண்டே மட்டத்துக்கு வந்தது. இளகிவிட்ட கல்லை வள்ளித்தாய் திரும்பக் கெட்டித்தாள். தகப்பன் பக்கத்தில் நின்று பார்த்தார். ஒரு வார்த்தை திருத்தவில்லை.

ஆறு மணிக்குக் குதிரை வண்டியில் வந்து இறங்கினார் முகம்மது மைதீன். அத்தர் வாசனையோடு கிட்டங்கிக்குள் நுழைந்தவர், நாலு சுவரையும் சுற்றி ஓடிய பாதையைப் பார்த்து வாசலிலேயே நின்றுவிட்டார்.

"மாஷா அல்லாஹ்! நான் ஒரு பெட்டிதானே வே குடுத்தேன்? நீரு ஒரு ஜில்லாவே கட்டிப்போட்டிருக்கீரு!"

"மொதல்ல ஓடட்டும் வே, பெறவு பேசும்." மருதப்பன் இன்ஜினை எடுத்து, சாவியைத் திருகினார். வைக்கப் போனவர், நின்று, அதைச் செல்லச்சாமியிடம் நீட்டினார். செல்லச்சாமி வாங்கி மகளிடம் கொடுத்துவிட்டார்.

வள்ளித்தாய் வைத்தாள். விரலை எடுத்தாள்.

முதல் சுற்றில் யாரும் பேசவில்லை. இரண்டாவது சுற்றில் மைதீன் கையைப் பிசைந்துகொண்டு கூடவே நடந்தார். மூன்றாவது சுற்றில் மருதப்பன் கண்ணை மூடிக்கொண்டு, "வந்துட்டா? வந்துட்டா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். கடையநல்லூர் வளைவில் மூன்று பெட்டிகளும் உள்பக்கமாகச் சாய்ந்தன, நிமிர்ந்தன, போய்க்கொண்டே இருந்தன.

"எங்க ஊரத் தாண்டிருச்சு வே! கண்ணத் தெறயும்!" என்று மைதீன் மருதப்பனைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். சீனியம்மாள் குலவையே போட்டுவிட்டாள். ரயில் யாரையும் கேளாமல் நாலாவது சுற்றுக்குக் கிளம்பியது.

அந்தச் சத்தத்தில்தான் இசக்கிப்பாண்டி வந்தான். கடையிலிருந்து நேராக வந்தவன், வேர்வையைக்கூடத் துடைக்கவில்லை. மாமனாரைப் பார்த்து ஆச்சரியப்பட்டு, "வாங்க மாமா" என்று கும்பிட்டான். ஆனால் அவன் கண் ஓடும் ரயிலில் இல்லை. நாலு சுவரையும், முக்காலிகளையும், பலகைகளையும் எண்ணுவது போலச் சுற்றியது. வள்ளித்தாய்தான் அதை முதலில் பார்த்தாள்.

"என்ன?" என்றாள் அவனுக்கு மட்டும் கேட்கும்படி.

அவன் தகப்பனைப் பார்த்தான். "அய்யா… திருவேங்கடத்துல இருந்து வார பஞ்சு, சொன்ன தேதிக்கு முன்னாலயே கிளம்பிருச்சாம். எட்டு வண்டி. நாளைக்கு மத்தியானம் வந்துரும். எறக்குததுக்கு இந்தக் கிட்டங்கிய விட்டா வேற எடம் இல்ல."

குலவை நின்றது. மைதீன் தொப்பியைச் சரிசெய்துகொண்டார். மருதப்பன் மகனைப் பார்த்தார், ரயிலைப் பார்த்தார்.

செல்லச்சாமிதான் பேசினார்.

"மத்தியானம்னா எத்தன மணிக்கு மாப்ள?"

"ரெண்டு, ரெண்டரை ஆகும் மாமா."

"வெடிஞ்சு அஞ்சு மணியில இருந்து ரெண்டு மணி வரைக்கும். ஒம்பது மணி நேரம்." வேட்டியை மடித்துக் கட்டினார். "லைனப் பிரிச்சு வேற எடத்துல போடுதது எங்களுக்குப் புதுசா? நாளைக்கு ஞாயித்துக்கிழமை. பயலுகளுக்கும் லீவுதான், சொல்லி விடுதேன். பலகையோட அறுத்து, கல்லு உதுராமத் தூக்கிருவோம். எடத்த மட்டும் சொல்லுங்க சம்மந்தி."

"எடமா? எடத்துக்கு எங்க போக?" என்றார் மருதப்பன்.

வள்ளித்தாயின் பார்வை கிட்டங்கி வாசலைத் தாண்டி, முற்றத்தைத் தாண்டி, மெல்ல மேலே ஏறியது. வருஷக்கணக்காகப் பூட்டிக் கிடந்த மச்சு அறையின் ஜன்னலில் போய் நின்றது. ஒவ்வொருவராக எல்லோரும் அங்கே பார்த்தார்கள்.

சீனியம்மாள் இடுப்பில் தொங்கிய சாவிக்கொத்தைச் சட்டென்று இரண்டு கையாலும் மூடிக்கொண்டாள்.

"மச்ச மட்டும் கேக்காதிய!" என்றாள். அவள் முகத்தில் கோபத்தைக் காணோம். அங்கே இருந்தது பயம்.